திண்ணைப்பள்ளியும் பெற்றோர் தெரிவும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் சிறார்க்கான மரபுக்கல்வி

தமிழ்க் கல்வி வரலாற்றைப் பற்றி எழுதப்பட்டுள்ள நூல்களில் அரசாணைகளும் சமய ஊழியர்களின் முயற்சிகளும் பாடநூல்களும் இடம்பெறும் அளவுக்குப் பெற்றோர் இடம்பெறுவதில்லை. ஐந்து வயதுச் சிறுவனை எவரிடம் ஒப்படைப்பது என்ற வினாவிற்கு ஒவ்வொரு குடும்பமும் விடை கண்டே வந்துள்ளது. அவ்விடைகளின் தொகுப்பே ஒரு காலத்தின் கல்விமுறை எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் திண்ணைப்பள்ளியைத் தெரிவுசெய்த பெற்றோர் எதனை நாடினர், அத்தெரிவு யாருக்கு வாய்த்தது, பின்னர் அது ஏன் கைநழுவியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அக்காலப் பெற்றோர் பள்ளியைத் தெரிவு செய்யவில்லை. ஆசிரியரைத் தெரிவு செய்தனர். பள்ளி என்பது ஆசிரியர் அமர்ந்த இடம். அது அவர் வீட்டுத் திண்ணையாகவோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையாகவோ கோயில் மண்டபமாகவோ மரநிழலாகவோ இருந்தது. கட்டடமும் பாடத்திட்டக் குழுவும் தேர்வு வாரியமும் இல்லாத நிலையில் ஆசிரியரின் பெயரே பள்ளியின் பெயர். அவருக்குரிய ஊதியத்தைப் பெற்றோரே அளித்தனர். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எழுதிய குறிப்பில், மாணவர் ஒருவர் திங்கள்தோறும் நான்கு முதல் எட்டு அணா வரை செலுத்தினர் என்றும் ஆசிரியர்கள் பொதுவாக ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும் பதிவு செய்துள்ளார். நவராத்திரிக் காலத்தில் மாணவர்கள் கோலாட்டப் பாடல்களுடன் வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குப் பொருள் திரட்டும் வழக்கமும் இருந்தது. இவ்வாறு ஆசிரியர் ஊரை நம்பியும் ஊர் ஆசிரியரை நம்பியும் வாழ்ந்தமையால், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை எனக் கருதிய தந்தை பணத்தை நிறுத்திக்கொள்ள முடிந்தது. நல்லாசிரியரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத சிற்றூர்களும் இருந்தன. ஏழு ரூபாய் வருவாய் தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்கப் போதாது என்று மன்றோ கருதியதில் நியாயம் உண்டு.

அவ்வாசிரியரிடம் பிள்ளை எதனைக் கற்றான்? விசயதசமியன்று எழுத்தறிவிக்கப்பெற்ற சிறுவன் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடியை முடிப்பான். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, வெற்றிவேற்கை ஆகியவை ஒருபுறம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை மறுபுறம். மேலும் தொடர்ந்து கற்போர் சதகங்களையும் அந்தாதிகளையும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டையும் மனனம் செய்தனர்.

இலக்கியப் பகுதியைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். கணக்குப் பகுதியே பெற்றோரின் எதிர்பார்ப்பை நன்கு காட்டுகிறது. பொன்னிலக்கத்தில் சிறுவன் முழு எண்களோடு பின்னங்களையும் வரிசையாக ஒப்பித்தான்: முந்திரி என்பது 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20. நெல்லிலக்கம் முகத்தலளவைக்குரியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என ஏறிச் சென்று பன்னிரண்டு குறுணியில் ஒரு கலம் நிறையும். குழிமாற்று நிலப்பரப்பைக் கணிப்பதற்கு உதவும் வாய்பாடு. இங்குக் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மா என்பது இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் எண். அதுவே வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் நில அளவையும் ஆகும். எண்ணும் வயலும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டமையால், வாய்பாட்டை ஒப்பித்த சிறுவன் தன் ஊரின் நிலத்தையும் விளைச்சலையும் பங்கீட்டையும் உடன் கற்றான். கணக்குப்பிள்ளை கூறும் வாரக்கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த மகன் வேளாண் குடும்பத்திற்குப் பெருந்துணை அல்லவா?

திண்ணைக்கல்வியின் மீது அன்று முதல் இன்று வரை சுமத்தப்படும் குற்றச்சாட்டு, பொருளறியா மனனம் என்பதாகும். பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அனுப்பிய அறிக்கை இதற்குச் செவ்விய சான்று. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதியாயினும் அவர் விவரித்த பள்ளி நடைமுறை தமிழகத் திண்ணைப்பள்ளியோடு பெரிதும் ஒத்துள்ளது. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரும் இரண்டாமவன் கையில் சுழியும் எழுதப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு என அடி கூடிக்கொண்டே போகும். செய்யுள் மொழி பேச்சுமொழியினின்று வேறுபட்டிருப்பதால் சிறுவர் தாம் ஒப்பிப்பதன் பொருளை அறியவில்லை என்பது அவர் குறை. ஆனால் அதே அறிக்கையில், சிக்கனமாக எழுதப் பழக்கும் முறையையும் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவர் மனமாரப் பாராட்டினார். இப்பாராட்டுப் பகுதியைச் சிலரும் குறைகூறும் பகுதியைச் சிலரும் மட்டுமே எடுத்தாள்வது நம் ஆய்வுலகின் பழைய நோய்.

கேம்பெலின் குறையை முற்றாகப் புறந்தள்ள இயலாது. எனினும் தி. செந்தில்பாபு திண்ணைப்பள்ளிக் கணிதத்தைப் பற்றி நிகழ்த்தியுள்ள ஆய்வுகள் வேறொரு கோணத்தைத் தருகின்றன. நினைவாற்றல் அங்குக் கற்றலுக்கான துணைக்கருவியன்று, அதுவே கற்றலின் முறை என அவர் நிறுவுகிறார். எழுதியும் ஒலித்தும் கேட்டும் எண் மனத்தில் நிலைபெற்ற பின்னர், வாழ்வில் எதிர்ப்படும் கணக்கை மனத்தாலேயே தீர்க்கும் ஆற்றல் வந்தது. நிகண்டுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. பத்து வயதில் சூடாமணி நிகண்டை ஒப்பிப்பவனுக்கு அதன் சொற்பொருள் முழுதும் விளங்காது. இருபது வயதில் காப்பியம் ஒன்றைக் கையிலெடுக்கும்போது அகராதி அவன் நாவிலேயே இருக்கும். இடையிலேயே கல்வியை நிறுத்தியவர்க்கு இந்தப் பயன் கிட்டவில்லை என்பதும், அவ்வாறு நிறுத்தியோரே பலர் என்பதும் இம்முறையின் உண்மையான குறைபாடு. கேம்பெலே, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் உடலுழைப்புக்குத் தகுதி பெற்றவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டதைக் குறிப்பிட்டு, இங்கிலாந்துத் துணிகளின் வரவால் கைத்தொழிலாளர் வறுமையுற்றதை அதற்குக் காரணமாகக் காட்டினார்.

இம்முறை ஐரோப்பியரைக் கவர்ந்த கதை நன்கறியப்பட்டதே. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். சென்னை இராணுவ ஆதரவற்றோர் இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல், தமிழ்ச் சிறார் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார்; 1797இல் இலண்டனில் அதனைப் பற்றி நூல் வெளியிட்டார். சட்டாம்பிள்ளை முறையை ஒத்த ஒன்று ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது.

இனி, இத்தெரிவு யாருக்கு வாய்த்தது என்ற வினாவிற்கு வருவோம். மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அதாவது 67 பேருக்கு ஒருவர். ஐந்து முதல் பத்து வயது வரையிலான ஆண் பிள்ளைகளை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் எனவும், வீட்டிலேயே கற்றோரையும் சேர்த்தால் மூவருக்கு ஒருவரை நெருங்கும் எனவும் மன்றோ மதிப்பிட்டார். சென்னை நகரில் வீட்டில் கற்றோர் தொகை பள்ளியில் கற்றோரைப்போல் ஐந்து மடங்கு எனத் தரவு கூறியது. அதனை மன்றோவே ஐயத்துடன்தான் நோக்கினார். ஆயினும் வசதியுடையோர் ஆசிரியரை வீட்டிற்கே வரவழைத்தனர் என்பதை அது உணர்த்துகிறது.

தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இத்தரவுகளை விரிவாகப் பதிப்பித்தார். தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் பெரும்பான்மையினர் பிராமணரல்லாதார், குறிப்பாகச் சூத்திரர் எனப் பதிவானோர் என்பதை அவர் எடுத்துக்காட்டியது முதன்மையான பங்களிப்பு. கல்வி ஒரு சாதியின் தனியுடைமையாக இருந்தது என்ற பொதுக்கருத்தை அது தகர்த்தது. ஆனால் அதே பட்டியலில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சூத்திரர் என்ற தலைப்பின் கீழ் நிலவுடைமைச் சாதியினரும் அடங்குவர் என்பதையும், தீண்டப்படாதோர் எனத் தள்ளி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பிறர் வீட்டுத் திண்ணையில் ஏறியிருக்க இயலாது என்பதையும் மறந்துவிட்டு அந்த எண்களைப் பெருமிதத்துடன் ஓதுவது ஆய்வாகாது. திண்ணை என்பது தெருவின் பகுதி. தெருவில் நடக்க உரிமையற்றவருக்கு அங்கு அமர இடமேது?

தெரிவு திசைமாறியமைக்கு ஆங்கிலேயர் திண்ணைப்பள்ளிகளை மூடியது காரணமன்று. அவர்கள் அவ்வாறு மூடவுமில்லை. ஆங்கிலம் கற்றோர்க்கு அரசுப்பணியில் முன்னுரிமை என்ற 1844ஆம் ஆண்டுத் தீர்மானமும், மானியத்தையும் மேற்பார்வையையும் கொணர்ந்த 1854ஆம் ஆண்டு உட் அறிக்கையும் தந்தையரின் கணக்கை மாற்றின. மானியம் பெற விரும்பிய திண்ணை ஆசிரியர் ஆய்வாளரின் தேர்வுக்கேற்பப் பாடத்தை மாற்றினார்; ஓலை அச்சுநூலுக்கு இடம் தந்தது; முந்திரியும் காணியும் மெல்ல மறைந்தன. ஆசிரியர் முகம் நோக்கிய இடம் பெற்றோர் திண்ணையிலிருந்து அரசு அலுவலகத்திற்கு நகர்ந்தது.

இம்மாற்றத்திற்கு நடுவே பிறந்தவர் உ.வே. சாமிநாதையர் (1855-1942). அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் செல்வரல்லர், இசையால் வாழ்ந்தவர். அரியலூர், குன்னம், காருகுடி என அக்குடும்பம் இடம்பெயர்ந்ததில் பிழைப்புத் தேடலும் மகனுக்கு ஆசிரியரைத் தேடுதலும் பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தன. ஆங்கிலம் கற்றால் இவ்வுலகில் பயனுண்டு, வடமொழி கற்றால் மறுமைக்குப் பயனுண்டு, தமிழால் என்ன பயன் என்று கேட்டோரைப் பற்றி ‘என் சரித்திரம்’ பேசுகிறது. 1871இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்த்தபோது அத்தந்தை ஊரார் அறிவுரைக்கு எதிராகவே முடிவெடுத்தார். அம்முடிவின் விளைவை நாம் அறிவோம். அதே முடிவை எடுத்துப் பிள்ளைக்கு வேலை கிட்டாமல் தவித்த தந்தையர் தன்வரலாறு எழுதவில்லை.

மலாயாவிற்குத் தமிழ்க்கல்வி வந்தபோது இக்கதை மற்றொரு வடிவம் கொண்டது. பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கப்பட்டது நம் வரலாற்றில் முதற்புள்ளியாகக் குறிக்கப்படுகிறது. ஆயினும் பெருந்தொகையான தமிழ்ச் சிறார் கற்றது தோட்டங்களில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி அமைக்குமாறு தோட்ட நிருவாகத்தைப் பணிக்க 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிசெய்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை வலுப்படுத்தியது. தோட்டப் பள்ளியில் பெற்றோருக்கு ஆசிரியரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. கங்காணியோ கிராணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ பல இடங்களில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கும் சிறுவர் ஆத்திசூடியைத்தான் ஒப்பித்தனர். அவர்களுள் கணிசமானோரின் பாட்டன்மார், தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆத்திசூடி ஒலித்த திண்ணைகளைத் தொலைவிலிருந்து மட்டுமே கேட்டவர்கள்.