சேதுக் காசும் நூலகமும்

சோழர் முதல் ஆங்கிலேயர் வரை பலருடைய ஆட்சியைக் கண்டது திருகோணமலைத் துறைமுகம். அங்கு கைக்கு எட்டும் பழங்காசு எவருடையது என்பதைக் காசு தனித்து நின்று உணர்த்தாது. நூலகத்தின் துணை வேண்டும். இதற்குச் சேதுக் காசே தக்க சான்று.

படுத்த நந்தியும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் பொறித்த இச்செப்புக் காசு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்று முன்னர்க் கருதப்பட்டது. சிங்கைநகர் ஆரியனின் வெற்றி கூறும் கோட்டகமக் கல்வெட்டும் அதே சொல்லுடன் தொடங்குகின்றது. ஞானப்பிரகாச சுவாமிகள் 1920இல் எழுதிய கட்டுரையும், கொழும்பு அருங்காட்சியகம் 1924இல் வெளியிட்ட கொட்றிங்டனின் நாணய நூலும் அக்காசு யாழ்ப்பாண மன்னருக்குரியது என்பதை நிலைநாட்டின.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. செம்பு மண்ணுள் கிடந்தும் எஞ்சும். அதன் வரலாற்றைச் சொல்லும் ஏடுகளைக் காத்தல் நம் கடனாகும்.