தேர்ச்சிக்கேற்ற மானியமும் ஆசிரியரின் தோல்வி அச்சமும்

மாணவர் தேர்வில் பெறும் தேர்ச்சியைக் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம் வழங்கும் முறை தேர்ச்சிக்கேற்ற மானியம் எனப்படும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் சென்னை மாகாணத்திலும் இது நடைமுறையில் இருந்தது. தோல்வி அச்சம் ஊழியரின் வேலையை எப்படி மாற்றிவிடும் என்பதற்கு இது தெளிவான வரலாற்றுச் சான்றாகும்.

தோற்றம்

இங்கிலாந்தில் இராபர்ட் லோவ் முயற்சியால் 1862இல் இம்முறை வந்தது. போதிய நாட்கள் வருகை தந்த மாணவர் ஒருவருக்கு, தேர்வின் பேரில் 8 சில்லிங் கிடைக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினால் 2 சில்லிங் 8 பென்சு குறையும். மூன்றிலும் தவறினால் எட்டு சில்லிங்கும் போய்விடும்.

சென்னை மாகாணம்

1860களின் பிற்பகுதியில் இம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பின்னர் திண்ணைப் பள்ளிகள் பலவும் இதற்குள் கொண்டுவரப்பட்டன. தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு உள்ளிட்ட கள்ளக்குறிச்சி வட்டாரம் அக்காலத்தில் இம்மாகாணத்தின் தென் ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சிற்றூர்த் திண்ணைப் பள்ளியை நடத்தியவர் பெரும்பாலும் ஆசிரியரே. ஆகவே மானியம் குறைந்தால் அவர் வீட்டு வருமானமே குறைந்தது. ஆய்வாளர் வரும் ஒரு நாள், ஓராண்டு உழைப்பின் விலையை முடிவு செய்தது.

அச்சத்தின் விளைவுகள்

இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராகவும் இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, இம்முறை கற்பித்தலை இயந்திரத்தனமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். பிள்ளைகள் பாடநூலைப் பொருள் அறியாமலே நெட்டுருப் போட்டு ஒப்பித்தனர். மானியம் இல்லாத பாடங்கள் ஒதுக்கப்பட்டன.

இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்ல முடியாது. புதிய வழியில் கற்பித்துப் பார்த்து அது பலிக்காவிட்டால் நட்டம் அவருக்கே. பழைய நெட்டுருவில் அந்த ஆபத்து குறைவு. மேலும், பிள்ளைக்குப் புரியவில்லை என்று ஆய்வாளரிடம் வெளிப்படையாகச் சொல்வது, தன் வருவாயைத் தானே குறைத்துக்கொள்வதாகும். எனவே எங்கே உதவி தேவையோ அங்கேயே குறை மறைக்கப்பட்டது.

முடிவு

1882இல் அமைந்த ஹண்டர் குழு தொடக்கப் பள்ளிகளுக்கு இம்முறையை ஆதரித்தது. இங்கிலாந்து 1890களில் இதைப் படிப்படியாகக் கைவிட்டது. கர்சன் பிரபு காலத்தில், 1904இல் வெளியான இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானமும் இதற்கு எதிரான நிலையை எடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் இம்முறை மறைந்தது.

இன்றைய பொருத்தம்

விற்பனை இலக்கு வைக்கும் நிறுவனமும், நூறு விழுக்காடு தேர்ச்சி கேட்கும் பள்ளியும் கவனிக்க வேண்டிய பாடம் இதில் உள்ளது. தவறுக்கு உடனே தண்டனை என்றால் தவறுகள் குறைவதில்லை. அவை கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. கணக்கேட்டில் தேர்ச்சி உயர்ந்திருக்கும். வகுப்பில் கல்வி தேய்ந்திருக்கும். ஊழியர் தம் குறையை அஞ்சாமல் மேலதிகாரியிடம் சொல்ல முடிகிற இடத்தில்தான் அது திருத்தப்படும்.