டப்பாவை நம்பாதே, சிப்பைப் பார்

போன மாசம் ஒரு பழைய பிசியை வீட்டு சர்வரா மாத்தலாம்னு உட்கார்ந்தேன். லினக்ஸ் போட்டாச்சு, ஒரு நெட்வொர்க் கார்டுதான் பாக்கி. ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் "எல்லாத்துலயும் ஓடும் தம்பி"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஓடத்தான் செய்தது. ஆனா பெரிய ஃபைலை காப்பி பண்ணும்போதெல்லாம் கனெக்‌ஷன் அறுந்துபோச்சு. கழட்டிப் பார்த்தா, டப்பாவில் இருக்கிற பேர் ஒண்ணு, உள்ளே இருக்கிற சிப் வேற. அந்தக் கடுப்பில் தேட ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சது, 1990களில் இன்டர்நெட் சர்வர் கட்டினவங்க எல்லாருக்கும் இதே தலைவலி இருந்திருக்கு.

அதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. யூனிக்ஸ் சர்வர் வேணும்னா சன் மாதிரி ஒரு கம்பெனியிடம் போகணும். மெஷினும் அவங்களோடது, இயங்குதளமும் அவங்களோடது. ரெண்டும் ஒத்துப்போகும், விலைதான் நமக்கு ஒத்துவராது.

1991இல் லினக்ஸ் வந்தது. 1992இல் 386பிஎஸ்டி வந்தது. அதிலிருந்து 1993இல் ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ரெண்டும் கிளம்பின. சாதாரண பிசியிலேயே இலவசமா யூனிக்ஸ்! ஆனா பிசிங்கிறது பத்து கம்பெனி பாகங்களைச் சேர்த்துக் கட்டின பொருள். கார்டு செய்கிறவர் டாஸுக்கும் விண்டோஸுக்கும் டிரைவர் எழுதி ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்துடுவார். யூனிக்ஸுக்கு யார் எழுதுறது?

எழுதினவங்க பெரும்பாலும் தன்னார்வலர்கள். லினக்ஸின் ஈதர்நெட் டிரைவர்களில் பெரும் பகுதியை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் கோடார்ட் மையத்தில், 1994இல் 16 பிசிகளை இணைத்து 'பியோவுல்ஃப்' என்ற கிளஸ்டரைக் கட்டிய குழுவில் இருந்தவர். டிரைவர் எழுத, சிப்பின் உள் விவரங்கள் உள்ள கையேடு வேணும். அதைக் கொடுத்த கம்பெனியின் சிப்தான் நல்லா ஓடும்.

அன்றைக்கு மலிவா, எங்கேயும் கிடைத்தது என்இ2000 கார்டும் அதன் நகல்களும். வீட்டுக்கு ஓகே. சர்வருக்குப் பிரச்சினை, ஏன்னா வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியுவே கையால் அள்ளி மெமரியில் போடணும். இன்னொரு தொல்லை, அது வழக்கமா ஐஆர்க்யூ 3இல் உட்காரும். ரெண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் அதே எண்தான். அங்கே மோடம் மாட்டினா சண்டை ஆரம்பம்.

அடுத்து டெக் கம்பெனியின் 'துலிப்' சிப். பாக்கெட்டைத் தானே நேரா மெமரியில் வைத்துவிடும், சிபியு தன் வேலையைப் பார்க்கலாம். கையேடும் கிடைத்தது. அதனால சர்வர் கட்டுறவங்க துலிப் போட்ட கார்டா தேடி வாங்கினாங்க. இங்கேதான் என் கதை மாதிரியே ஒரு திருப்பம். லிங்க்சிஸ் எல்என்இ100டிஎக்ஸ் கார்டு முதலில் அசல் டெக் சிப்போட வந்தது. பிறகு அதே பேரில், வேறு கம்பெனிகள் செய்த துலிப் நகல் சிப்களோட வந்தது. போன வருஷம் வாங்கின நண்பருக்கு ஓடினது, இந்த வருஷம் உங்களுக்கு ஓடும்னு உறுதி இல்லை.

ஃப்ரீபிஎஸ்டிக்கு டிரைவர்கள் எழுதிய பில் பால், ரியல்டெக் 8139 சிப்பை தன் நிரலின் கமென்ட்டிலேயே வறுத்தெடுத்திருக்கார். காரணம் நியாயமானது. பாக்கெட்டுகளை அது ஒரே பஃபரில் கொட்டிடும், டிரைவர் ஒவ்வொண்ணையும் மறுபடி காப்பி பண்ணணும். திட்டிக்கிட்டே, அதுக்கும் டிரைவர் எழுதிக் கொடுத்தார். என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் இது.

நெட்வொர்க் கார்டு மக்கர் பண்ணினா உடனே தெரியும். டிஸ்க் பக்கம் அப்படி இல்லை. சிஎம்டி640ன்னு ஒரு ஐடிஇ கன்ட்ரோலர் சிப். ரெண்டு சேனலையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினா, சத்தமில்லாம டேட்டா கெட்டுப்போகும். லினக்ஸ் கர்னலில் இதைத் தவிர்க்கத் தனியா நிரல் சேர்த்தாங்க. ஊர் மெயில் முழுக்க அந்த டிஸ்க்கில் இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. பணம் இருந்தவங்க ஸ்கஸி பக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

இப்படி ஒவ்வொருத்தரும் அடிபட்டுக் கற்றது, எந்தப் பாகம் ஓடும் என்ற பொதுப் பட்டியல்களா மாறியது. யாஹூ ஃப்ரீபிஎஸ்டியில் ஓடியது. 1996இல் தொடங்கிய ஹாட்மெயிலின் முன்வரிசை சர்வர்களும் ஃப்ரீபிஎஸ்டி போட்ட பிசிகள்தான். சாதாரண பிசி இன்டர்நெட்டைத் தாங்கும்ங்கிற நம்பிக்கைக்குக் கீழே, முகம் தெரியாத பலருடைய ராத்திரி வேலை இருக்கு.

இன்றைக்கு கிளவுடில் சர்வர் எடுத்தா யாரும் சிப் கேட்பதில்லை. பல இடங்களில் உங்க மெய்நிகர் மெஷின் பார்ப்பது 'வர்ட்டியோ' என்ற கார்டு. அப்படி ஒரு கார்டு நிஜத்தில் இருக்கணும்ங்கிற அவசியமே இல்லை, அது எப்படி நடந்துக்கணும்ங்கிற கையேடு மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கு. அன்னிக்கு டிரைவர் எழுதினவங்க கேட்டதும் அதே கையேட்டைத்தான்!

என் கார்டு? கடையில் மாத்திக்கொடுத்துட்டாங்க. இந்த முறை டப்பாவைத் திறந்து சிப்பின் எண்ணைப் படித்த பிறகுதான் காசு கொடுத்தேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.