பத்தாண்டு ஆயுள்

சிங்கப்பூரில் வண்டி வாங்க நினைப்பவர் முதலில் அதை ஓட்டும் உரிமையை வாங்கியாக வேண்டும். சிஓஇ என்று எல்லாரும் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் அது. கணினியில் ஒரு பதிவு, பத்தாண்டு ஆயுள், அவ்வளவுதான். 2008 நவம்பரில், உலகப் பொருளாதாரம் ஆடிப்போயிருந்தபோது, சிறிய காருக்கான சிஓஇ 2 வெள்ளிக்குக் கிடைத்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவின் விலை 106,000 வெள்ளி.

1990 மே மாதம் இந்தச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. தீவின் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. இன்னும் எவ்வளவு விட்டுக்கொடுப்பது? 2018 பிப்ரவரியிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் எண்ணிக்கைக்கு அனுமதித்த வளர்ச்சி பூஜ்யம். ஆகவே இன்று ஒரு சிஓஇ பிறக்க வேண்டுமானால், பெரும்பாலும் வேறெங்கோ ஒரு பழைய வண்டி சாலையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பிறந்தது ஏலத்துக்குப் போகிறது. மாதம் இருமுறை, திங்கள் நண்பகலில் தொடங்கிப் புதன் மாலை நான்கு மணிக்கு முடியும். ஒரு பிரிவில் வென்றவர்கள் அனைவருக்கும் ஒரே விலை. நீங்கள் எவ்வளவு உயர்த்திக் கேட்டிருந்தாலும் சரி. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். சிபாரிசு கிடையாது, பின்வாசல் கிடையாது, வரும் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. குறைவாக உள்ளதைப் பங்கிட இதைவிட ஒளிவுமறைவற்ற வழி சொல்வது கடினம். ஆனால் ஏலம் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு தருவாய்? யாருக்கு எவ்வளவு தேவை என்பது அதன் காதில் விழாது.

அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1983இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் தொட்டார். ஒவ்வொரு நன்மைக்கும் அதற்கே உரிய பங்கீட்டு முறை உண்டு. கடையில் பணம் ஆளலாம், கடையைத் தாண்டி வந்து மற்ற எல்லாவற்றையும் ஆளக்கூடாது என்பது அவர் வாதம். சொகுசு காருக்கு ஏலம் போட்டால் அது கடைக்குள் நடக்கும் வியாபாரம். பணம் அந்த எல்லையைத் தாண்டும் இடத்தைப் பார்க்க சிஓஇயின் 'சி' பிரிவுக்கு வர வேண்டும்.

சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் அந்த ஒரே பிரிவில் மோதுகின்றன. சிறு குத்தகையாளர் ஒருவர் லாரிக்கு ஒரு சிஓஇ எடுத்துவிட்டால், ஆட்களை ஏற்ற ஒரு பேருந்துக்கு இன்னொன்று எடுக்க மனம் வருமா? பகலில் கம்பியும் சிமெண்டும் சுமக்கும் லாரியே காலையிலும் மாலையிலும் ஊழியர்களைச் சுமக்கிறது. சரக்கு வண்டியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பதே பொதுச் சட்டம். வேலைக்குப் போகும் ஊழியர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா வட்டாரத்துக்கு எம்ஆர்டி ரயிலில் இருக்கையில் உட்கார்ந்து வரும் அதே தம்பி, திங்கள் விடியலில் தங்கும் விடுதி வாசலில் லாரியின் பின்தட்டில் ஏறி உட்காருகிறான்.

2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிவந்த லாரி, நின்றிருந்த டிப்பர் லாரிமீது மோதியது. இருவர் இறந்தனர். அதன் பிறகு இந்த விவகாரம் நாடாளுமன்றத்தில் மறுபடி மறுபடி எழுந்தது. 2023இல் பல அமைப்புகள் சேர்ந்து தடை கேட்டன. வர்த்தகச் சங்கங்கள் செலவையும் ஓட்டுநர் பற்றாக்குறையையும் சொல்லி மறுத்தன. அரசும் சிறு நிறுவனங்கள் தாங்காது, கட்டுமானப் பணிகள் தாமதமாகும் என்றது. செலவு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவின் ஒரு பகுதியை உண்டாக்குவதே நாம் நடத்தும் ஏலம். அதில் விலை கேட்க முடியாதவன் உடலை வைத்து மிச்சத்தைச் சரிக்கட்டுகிறோம்.

சிஓஇயின் பத்தாண்டு முடிந்ததும் உரிமையாளர் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கலாம். இல்லையென்றால் கடந்த மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி ஆயுளை நீட்டிக்கலாம். நீக்கினால் அந்த இடம் மறுபடி ஏலத்துக்கு வரும். அங்கேதான் ஒரு மாற்றம் கேட்கிறேன். 2012 ஆகஸ்டிலேயே டாக்சிகளை ஏலத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். அவை சராசரி விலையைக் கட்டி சிஓஇ பெறுகின்றன. ஊழியர்களை மட்டுமே ஏற்றும் பேருந்துகளுக்கும் அப்படி ஒரு தனி ஒதுக்கீடு வேண்டும், அதுவும் டாக்சிகள் தருவதைவிடக் குறைந்த விலையில்.