விண்ணப்பத்தில் ஒரு கட்டம்



சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்து நின்ற அனுபவம் இந்த அரங்கில் பெரும்பாலோர்க்கு உண்டு. இங்கே நாம் யார் என்பதை அரசு எழுதித் தருகிறது. அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தன் இனத்தைத் தானே கட்டத்தில் குறிக்கிறார். பொதுவாக யாரும் சான்று கேட்பதில்லை. அப்படிக் குறித்த ஒரு கட்டம் பதினாறு ஆண்டு கழித்து ஒரு தேர்தலுக்கு நடுவே வந்து விழுந்தது. அதன் வரலாற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

2025 ஜூன் 24 அன்று நியூயார்க் மேயர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. ஸோரான் மம்தானி முன்னணிக்கு வந்தார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 2009இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது அவர் 'ஆசியர்' என்ற கட்டத்தையும் 'கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்ற கட்டத்தையும் குறித்திருந்தார் என்பதே செய்தி. அவர் உகாண்டாவின் கம்பாலாவில், இந்திய வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தன் பின்னணி முழுவதையும் சொல்ல அந்தக் கட்டங்கள் போதவில்லை, உகாண்டா என்றும் எழுதியிருந்தேன் என்று விளக்கினார். கொலம்பியா அவருக்கு இடம் தரவில்லை. ஆனாலும் அப்போதைய மேயர், கறுப்பினத்தவரான எரிக் ஆடம்ஸ், கடுமையாகக் கண்டித்தார்.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நெடுங்காலம் பென்சில் அதிகாரியின் கையில் இருந்தது. 1890இல் கால் பங்கு கறுப்பு ரத்தம், எட்டில் ஒரு பங்கு கறுப்பு ரத்தம் என்றுகூடப் பிரித்து எழுதினார்கள். மக்கள் தாமே இனத்தைக் குறிக்கும் முறை 1960இல்தான் தொடங்கியது. பிறகு குடியுரிமைப் போராட்டம் வென்ற சட்டங்களை நடைமுறைப்படுத்த, பள்ளியிலும் வேலையிலும் யார் விலக்கப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 1977இல் மத்திய அரசு இன வகைகளை வரையறுத்தது அதற்காகத்தான். இழிவுபடுத்த எண்ணிய கணக்கு, நீதி கேட்கும் கணக்காக மாறியது.

இதில் இந்தியர்கள் எங்கே நின்றார்கள்? வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்ற சட்டம் இருந்த காலம். பகத் சிங் திந்த் நீதிமன்றம் போனார். தான் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டார். திருமண உறவு என்று வரும்போது, அமெரிக்கர் நீக்ரோவைப் பார்ப்பது போலத்தான் உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறார் என்றும் அவர் தரப்பு எழுதிக் கொடுத்தது. தீண்டாமையே வெள்ளைத் தோலுக்குச் சான்றாக நீட்டப்பட்டது! 1923இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கிலேயே வைக்கப்பட்டார்கள். சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு வந்தபின் இந்தியச் சங்கத்தினர் தனி வகை கேட்டார்கள். 1980இல் 'ஆசிய இந்தியர்' என்ற கட்டம் வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மம்தானியின் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கறுப்பர் என்ற கட்டம் அடிமை வணிகத்தின் காயத்துக்காக உண்டானது. உகாண்டாவில் ஆங்கிலேய ஆட்சி இந்தியர்களை ஆப்பிரிக்கர்களுக்கு மேலே, வணிக இடைத்தட்டில் வைத்தது. 1972இல் இடி அமீன் அவர்களை விரட்டியது கொடுமை. ஆனால் அந்தக் கொடுமை அவர்களை அமெரிக்கக் கறுப்பரின் வரலாற்றுக்கு வாரிசாக்கிவிடாது. மம்தானியின் தந்தை கொலம்பியாவிலேயே பேராசிரியர். ஆகவே கறுப்பினத்தவர் சிலர் கேட்ட கேள்வியில் நியாயம் உண்டு. பதின்பருவ மாணவர் ஒருவர் பிறந்த மண்ணைச் சொல்ல விரும்பியதும் பொய்யல்ல. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் தாள் வெளியே வந்த வழியையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் கணினித் தரவு திருடப்பட்டது. அது இனச் சமவாய்ப்பு ஏற்பாட்டை எதிர்க்கும் ஒருவர் வழியாகச் செய்தித்தாளை அடைந்தது. சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையை 2023 ஜூன் 29 அன்றே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. கறுப்பரின் இடத்தை அடைத்தவர்களே கறுப்பரின் கட்டத்துக்குக் காவலர்களாக வந்தார்கள்.

இது நமக்குத் தெரிந்த உத்திதான். மம்தானியின் வாழ்வும் ரோகித் வெமுலாவின் வாழ்வும் ஒன்றல்ல. ஆனால் 2016 ஜனவரியில் ரோகித் இறந்தபின், அவரைச் சாவுக்குத் தள்ளியது எது என்ற கேள்வியை ஓரங்கட்டிவிட்டு, அவர் தலித்தா இல்லையா என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதம் வெளிவந்த தெலங்கானா காவல்துறை அறிக்கையும் அவர் பட்டியல் சாதியினர் அல்ல என்றது. எதிர்ப்பு எழுந்தபின் மேல்விசாரணை என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கேட்க வேண்டிய கேள்விகளை இறந்தவரின் பிறப்பைப் பார்த்துக் கேட்டார்கள்.

போலிச் சான்றிதழை எதிர்ப்பவர்கள் நாம். பறிக்கப்படும் இடம் நம்முடையது. ஆனால் அந்தக் கேள்வியை யார், எப்போது, எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. 'ஆசியர்' கட்டத்துக்குள் பிராமணரும் தலித்தும் ஒரே குறி. 1913இல் அண்ணல் அம்பேத்கர் படிக்கப்போனதும் இதே கொலம்பியாவுக்குத்தான். நூறாண்டு கடந்தும் அங்கே சாதிக்குக் கட்டம் இல்லை. 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு எதிர்ப்பு விதியில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. மாநிலம் முழுமைக்குமான மசோதா 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கையொப்பமிட மறுத்தார். கடல் கடந்து படிக்கப்போகும் நம் பிள்ளைகள் அந்த வேலையைத் தொடர வேண்டும்.

ஜெய் பீம்.