மேரி ஆன் ஊன்றிய விதை

இங்கிலாந்தில் வீட்டில் ஆப்பிள் பை செய்பவர்கள் பலரும் முதலில் தேடுவது பிராம்லியைத்தான். கையடங்காத பச்சைப் பழம். கடித்தால் பல் கூசும் புளிப்பு. அடுப்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் நுரைபோலக் குழைந்துவிடும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அதன் புளிப்பு அமுங்குவதில்லை. அதுதான் அதன் பெருமை.

நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூர். 1809-இல் அங்கே மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் சில ஆப்பிள் விதைகளை ஊன்றினார். முளைத்ததில் ஒன்று அந்த வீட்டுத் தோட்டத்தில் மரமானது. ஆப்பிள் விதையை நம்பி ரகம் வளர்க்க முடியாது. வேறு மரத்து மகரந்தம் சேர்ந்தே காய்ப்பதால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுப் பிறவி. பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. அப்படியிருக்க, இப்படியொரு மரம் அவர் கையால் முளைத்தது. 1813-இல் மணமாகி வேறிடம் போனார், 1852-இல் காலமானார். அந்தப் பழத்துக்கு அப்போது பெயரே இல்லை.

1846-இல் வீட்டை வாங்கியவர் மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர். பத்து ஆண்டு கழித்து, நாற்றுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த 17 வயது ஹென்றி மெரிவெதர் அந்த மரத்திலிருந்து குச்சி வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். பழத்துக்குத் தன் பெயர் வைப்பதானால் சரி என்றார் பிராம்லி. விதைத்தவருக்கும் பெயரில்லை, பரப்பியவருக்கும் பெயரில்லை. மரம் நின்ற இடத்தை வாங்கியவர் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

மெரிவெதர் செய்தது நம் ஊர் ஒட்டு மாங்கன்று வேலையேதான். குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது பென்சில் பருமனில் குச்சி வெட்டி ஈரம் காயாமல் வைத்திருப்பார்கள். வசந்தம் தொடங்கும் வேளையில், ஒட்டுக்கு வேர் தரும் வேர்ச்செடியையும் குச்சியையும் ஒரே சாய்வாகச் சீவி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சை வரி இரண்டிலும் ஒன்றோடொன்று படும்படி பொருத்துவார்கள். வரி விலகினால் ஒட்டாது. இறுகக் கட்டி, காற்றுப் புகாமல் மெழுகு பூசினால் சில வாரங்களில் மொட்டு விரியும். இப்படிப் பெருகிய கன்றுகளின் பழம் 1862-இல் விற்பனைக் கணக்கில் ஏறியது; 1876-இல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பாராட்டைப் பெற்றது. இன்றுள்ள பிராம்லி மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் கிளைகள்.

தாய்மரமோ 1900-இல் புயலில் சாய்ந்தது. விழுந்த கிளையொன்று மண்ணில் வேர்விட்டு மறுபடி மரமாக எழுந்தது. பின்னாளில் தேன்பூஞ்சை அதன் வேரைப் பற்றியது. அதற்கு மருந்தில்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதன் திசுவிலிருந்து கன்றுகள் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் இதை வைக்க விரும்புகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிராம்லி முரட்டு வளர்ச்சிக்காரன். இடம் குறைவென்றால் குட்டை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான ஆப்பிள்களுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதற்கு மூன்று. அதனால் இதன் மகரந்தம் பிற மரங்களுக்கு உதவாது. அதே சமயத்தில் பூக்கும், இரண்டு தொகுதி கொண்ட வேறு இரண்டு ரகங்கள் அருகில் இருந்தால் அவை பிராம்லிக்கும் மகரந்தம் தரும், தமக்குள்ளும் பகிர்ந்துகொள்ளும், மூன்றுமே காய்க்கும்.