புதன்கிழமைப் பெட்டி

அமெரிக்காவில் எந்த ஊர் காமிக்ஸ் கடைக்குப் போனாலும் புதன்கிழமை காலை ஒரே காட்சிதான். ஷட்டர் முழுதாக ஏறுவதற்குள் கடைக்காரர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருப்பார். மை வாசனை போகாத புது இதழ்களை எண்ணி அடுக்குவார். வழக்கமாக வாங்குபவர்களுக்கு அவரவர் பெயர் எழுதிய உறையில் தனியாக எடுத்து வைப்பார். உள்ளே நுழையும் ஆளின் முதல் கேள்வி, "இந்த வாரம் என்ன வந்திருக்கு?"

இந்தக் காத்திருப்பு நமக்கும் பழக்கமானதுதான். தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காக வார இதழ் வரும் நாளில் பெட்டிக்கடை முன்னால் நின்ற தலைமுறைகள் நம்மிடமும் உண்டு. ஆனால் அது ஏன் புதன்கிழமையாக இருக்க வேண்டும்? விடை தேடிப் போனால், ஜெனீவாவின் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அங்கே 1820களில் ரொடோல்ஃப் டோப்ஃபர் என்பவர் ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். அப்பா ஓவியர். மகனுக்கும் அதே ஆசைதான். கண் கோளாறு குறுக்கே வந்ததால் ஆசிரியரானார். கை சும்மா இருக்கவில்லை. மாணவர்களுக்காகக் கட்டம் கட்டமாகப் படம் போட்டு, கீழே ஓரிரு வரி எழுதிக் கதை சொன்னார். காதல் பித்துப் பிடித்த வியூ புவா என்ற ஆளின் கதையை 1827இல் வரைந்தார். அந்த நோட்டுகள் சில ஆண்டுகளில் நண்பர் ஒருவர் வழியாக வைமர் நகரில் முதுமையின் எல்லையில் இருந்த கவிஞர் கதேயின் கைக்குப் போயின. கதே ரசித்துப் பாராட்டினார். அந்தத் தைரியத்தில்தான் டோப்ஃபர் அச்சுக்குத் துணிந்தார். முதல் கதை 1833இல் அச்சாகியது.

கல் அச்சில் அப்போது ஒரு தொல்லை இருந்தது. கல்லில் நேரடியாக வரைந்தால் தாளில் படமும் எழுத்தும் இடவலம் மாறி விழும். டோப்ஃபர் தனி மையால் மாற்றுத் தாளில் வரைந்து அதைக் கல்லுக்கு ஏற்றினார். தன் கையெழுத்து போகிற போக்கிலேயே படமும் வசனமும் சேர்ந்து வந்தன. காமிக்ஸ் என்னும் வடிவம் அந்த மையில்தான் நிலைபெற்றது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு வந்தார்கள் நகலெடுப்பவர்கள். 1839இல் பாரிஸின் ஓபேர் பதிப்பகம் அந்தப் புத்தகங்களை அப்படியே பார்த்து வரைந்து விற்றது. 1841இல் லண்டன்காரர்கள் பாரிஸ் நகலைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒன்று போட்டார்கள். நியூயார்க்கில் பிரதர் ஜொனாதன் என்ற வார இதழ், பிரிட்டிஷ் நாவல்களை அனுமதியின்றி அச்சிட்டுச் செழித்துவந்தது. லண்டன் பதிப்பை அது 1842 செப்டம்பர் 14 அன்று சிறப்பிதழாக வெளியிட்டது. வியூ புவா அங்கே ஒபதையா ஓல்ட்பக் ஆனார். அமெரிக்க மண்ணில் அச்சான முதல் காமிக்ஸ் புத்தகம் என்று பலரும் சொல்வது இதைத்தான். ஒரு திருட்டுப் பதிப்பு, வார இதழின் முதுகில் ஏறிக் கடல் கடந்த தேசத்தில் இறங்கியது. அந்த நாள் ஒரு புதன்கிழமை! தற்செயல்தான், ஆனாலும் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வாரம் என்னும் தாளத்தை காமிக்ஸுக்குக் கொடுத்தது விடுமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. கையில் கூலி, முன்னால் ஓய்ந்த மாலைப் பொழுது. 1884இல் வந்த ஒரு பென்னி வார இதழின் பெயரே அந்த அரைநாள் விடுமுறைதான்: ஆலி ஸ்லோப்பர்ஸ் ஹாஃப் ஹாலிடே. கடன்காரனுக்கு ஒளிந்து திரியும் ஸ்லோப்பர் அதன் நாயகன். 1890இல் ஆல்ஃபிரட் ஹாம்ஸ்வொர்த் விலையைப் பாதியாக்கி, அரைப் பென்னிக்கு காமிக் கட்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த படங்களில் பெரும்பகுதி அமெரிக்க நகைச்சுவை இதழ்களிலிருந்து எடுத்தவை. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் அமெரிக்கா லண்டனிடமிருந்து எடுத்ததை லண்டன் இப்போது திருப்பி எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் அந்த இடத்தை ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஜோசப் புலிட்சரின் நாளிதழில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் அங்கிச் சிறுவன், 1895இலிருந்து ஞாயிறு வாசகர்களை இழுத்தான். மறு ஆண்டே போட்டியாளரான ஹெர்ஸ்ட் அதிகச் சம்பளம் கொடுத்து ஓவியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சர் சளைக்காமல் வேறொருவரை வைத்து அதே சிறுவனை வரையவைத்தார். ஒரே நகரில் இரண்டு மஞ்சள் சிறுவர்கள்! மஞ்சள் பத்திரிகை என்று இன்றும் நாம் திட்டுவதற்குக் காரணமான மஞ்சள் அந்தப் போட்டியின் எச்சம்.

பிரான்சுக்கு வேறு கிழமை. 1882ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பெற்றோர் விரும்பினால் மதபோதனைக்கு அனுப்பட்டும் என்று ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளையும் பள்ளிக்கூடத்திலிருந்து விடுவித்தது. அது வியாழன் என்று ஆயிற்று. 1905 பிப்ரவரி 2, வியாழக்கிழமை, சிறுமிகளுக்கான லா செமேன் தெ சுஸெத் வார இதழ் பிறந்தது. முதல் இதழ் அச்சுக்குப் போகும் வேளையில் ஒரு பக்கம் காலியாக நின்றது. அவசரத்துக்கு ஒரு கிராமத்து வேலைக்காரப் பெண்ணின் சிறு கதையை எழுதி, பாஞ்சோன் என்ற ஓவியரிடம் படம் வாங்கி அடைத்தார்கள். அவள்தான் பெக்காஸின். பக்கத்தை நிரப்ப வந்தவள் பல பத்தாண்டுகள் நின்று நிலைத்தாள். பக்கத்து நாட்டு பிரஸ்ஸல்ஸில் ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பும் வியாழக்கிழமைதான் வந்தது. 1929 ஜனவரி 10 அன்று அதில் ஒரு குடுமிக்கார நிருபர் நாய்க்குட்டியோடு ரயிலேறினார். டின்டினை நாம் அறிவோம். அவர் பிறந்த கிழமை இது.

இதற்கெல்லாம் பின்னால்தான், இன்று நாம் காமிக்ஸ் புத்தகம் என்று கையில் பிடிக்கும் பொருள் வருகிறது. அதன் அளவைத் தீர்மானித்தது ஓர் அச்சு இயந்திரம். கனெடிகட் மாநிலம் வாட்டர்பரியில் ஈஸ்டர்ன் கலர் என்ற அச்சகம், பல நாளிதழ்களுக்கு ஞாயிறு வண்ணப் பக்கங்களை அடித்துக் கொடுத்தது. இயந்திரங்கள் மற்ற நேரத்தில் சும்மா கிடக்கக் கூடாதே! 1933இல் ஞாயிறு சித்திரங்களைச் சுருக்கி, தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்துத் தைத்து, சோப்பு நிறுவனம் முதலானவற்றுக்கு இலவச விளம்பரப் புத்தகமாக விற்றார்கள். விற்பனையைப் பார்த்துக்கொண்ட மேக்ஸ் கெயின்ஸுக்கு ஒரு சந்தேகம்: சும்மா கொடுப்பதைக் காசுக்கு வாங்க மாட்டார்களா? சில பிரதிகளில் பத்து சென்ட் என்று ஒட்டுத்தாள் ஒட்டி, ஓரிரண்டு பத்திரிகைக் கடைகளில் வார இறுதிக்கு விட்டுப் பார்த்தார். அத்தனையும் தீர்ந்தன. அடுத்த ஆண்டு ஃபேமஸ் ஃபன்னீஸ் கடைக்கு வந்தது. பழைய சித்திரங்கள் தீரத்தீரப் புதுக் கதைகள் தேவைப்பட்டன. 1938இல் இரண்டு இளைஞர்கள் 130 டாலருக்கு சூப்பர்மேனை விற்றார்கள். கதையோடு நாயகனின் முழு உரிமையும் அந்த 130க்குள் போனது. இதை எப்போது படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

ஜப்பானில் 1959 மார்ச் 17 அன்று இரண்டு பெரிய பதிப்பகங்கள் ஒரே நாளில் ஆளுக்கொரு சிறுவர் வார இதழை இறக்கின: ஷோனென் மேகஸின், ஷோனென் சண்டே. ஒருவர் தயாராவது தெரிந்து மற்றவர் தேதியை முன்னே இழுக்க, இருவரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். அதுவரை மாத இதழ்களே ஆட்சி செய்தன. வாரம் ஒரு நிகழ்ச்சி என்று வீட்டுக்குள் நுழைந்த தொலைக்காட்சி, காத்திருப்பின் அளவை மாற்றியிருந்தது. பின்னால் வந்த ஷோனென் ஜம்ப், வாசகர் அஞ்சலட்டையில் பின்தங்கும் தொடரை இரக்கமின்றி நிறுத்தியே வளர்ந்தது. 1994 இறுதியில் அதன் ஓர் இதழ் 65.3 லட்சம் பிரதிகள் அச்சானது.

லண்டன் வார இதழ்களுக்கு அறுபதுகளில் ஓவியர்கள் வெளிநாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியன்ட் இதழில், ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவனின் கதை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; கை மட்டும் தெரியும். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த நாளைய பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லை. பெயரில்லாமலே அந்தக் கை கடல் கடந்தது. 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமாக வந்தது அதுவே: இரும்புக்கை மாயாவி. இம்முறை திருட்டுப் பதிப்பு இல்லை, முறையாக உரிமை வாங்கிய பதிப்பு. பட்டாசுக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் காலண்டருக்கும் வண்ணம் அடித்துப் பழகிய ஊர், ஸ்பெயின்காரர் தூரிகையையும் ஏந்திக்கொண்டது. லண்டன் சிறுவன் வாரம் சில பக்கமாகக் காத்துக் காத்துப் படித்ததை, நம் ஊர்ப் பையன் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த புத்தகம் எப்போது என்று கடைக்காரரை நச்சரித்தான்.

மாயாவி சிவகாசிக்கு வந்த மறு ஆண்டு, புரூக்ளினில் ஃபில் சூலிங் என்ற ஆங்கில ஆசிரியர் புதன்கிழமைக்கு அடித்தளம் போட்டார். பத்திரிகைக் கடைகளுக்குப் போகும் காமிக்ஸில் பெரும் பகுதி விற்காமல் திரும்பும். முழு இதழையும் அனுப்ப வேண்டியதுகூட இல்லை. அட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் கழியும். போகப்போக, கிழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தாலே போதும் என்றானது. பதிப்பாளர்கள் நொந்துபோயிருந்தார்கள். காமிக்ஸ் ரசிகர் மாநாடுகள் நடத்திவந்த சூலிங், ஓர் ஏற்பாட்டோடு அவர்களிடம் போனார்: எனக்குக் கூடுதல் கழிவு கொடுங்கள், எனக்கு வேண்டியதை வேண்டிய அளவில் அச்சகத்திலிருந்து நேராக அனுப்புங்கள், ஒன்றுகூடத் திருப்பித் தர மாட்டேன். எத்தனை விற்கும் என்று வாடிக்கையாளர் முகம் தெரிந்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்தத் துணிச்சலில்தான் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் முளைத்தன. 1981இல் மார்வெல், டேஸ்லர் என்ற புது இதழைத் தனிக் கடைகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தபோது 4 லட்சத்துக்கும் மேல் போனது.

இப்போது கிழமையைக் குறிப்பது விடுமுறை இல்லை. அச்சகத்திலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும் பெட்டி வந்து சேரும் நாள்தான் வெளியீட்டு நாள். ஓர் ஊரில் வெள்ளி, வேறு ஊரில் வியாழன் என்றிருந்தது, 90களில் புதனில் நிலைத்தது. பால்டிமோரில் தபால்காரராக வேலை பார்த்த ஸ்டீவ் கெப்பி 1982இல் தொடங்கிய டயமண்ட் நிறுவனம், போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விழ, 1997இல் நாட்டின் காமிக்ஸ் பெட்டிகள் அனைத்தையும் ஏறக்குறைய தனியாகச் சுமந்தது. சாமான் பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று தெருத்தெருவாக நடந்து கற்றவருக்கு அது வாய்த்ததில் ஆச்சரியமில்லை.

பக்கத்து வாசலிலிருந்தும் யோசனை வரும். கலிஃபோர்னியாவில் ஜோ ஃபீல்ட் என்ற கடைக்காரர், அருகிலிருந்த ஐஸ்கிரீம் கடை ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தபோது நின்ற வரிசையைப் பார்த்தார். 2002 மே மாதத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, காமிக்ஸ் இலவச நாளாயிற்று.

கிராஃபிக் நாவலும் இதே வீட்டுப் பிள்ளைதான். 1978இல் வில் ஐஸ்னர், பிராங்ஸ் குடியிருப்புக் கதைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிப் புத்தகக் கடைக்கு அனுப்பினார். 1992இல் ஆர்ட் ஸ்பீகல்மேனின் மௌஸ் சிறப்பு புலிட்சர் பரிசு பெற்றது. ஞாயிறு சித்திரத்துக்காக ஓவியரைப் பறிகொடுத்த அதே புலிட்சர் பெயரில்!

ஒற்றை வண்டியை நம்பிய பாதை 2020இல் முறிந்தது. பெருந்தொற்றில் டயமண்ட் அனுப்புவதை நிறுத்த, ஏப்ரல், மே மாதங்களில் பல வாரங்களுக்குப் பெட்டியே வரவில்லை. டிசி நிறுவனம் வேறு வினியோகஸ்தரிடம் போய்த் தன் இதழ்களைச் செவ்வாய்க்கு மாற்றியது. 2024இல் புதனுக்கே திரும்பியது. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு போட்டது. பெட்டிகள் வேறு வண்டிகளில் ஏறின, கிழமை மாறவில்லை.

நம் பக்கம், 1984இல் கிளைத்த லயன் காமிக்ஸும் மூத்த முத்துவும் சந்தாதாரர் வீட்டுக்கே தபாலில் வருகின்றன. சூலிங்கின் ஏற்பாடு நின்றதும் இதன் மேல்தான்: வாங்குபவர் யாரென்று முன்பே தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த ஓர் இரும்புக்கை மாயாவி இருந்தால், இந்த வாரம் அதை இறக்கித் தூசி தட்டுங்கள். முதல் பக்கத்தின் மூலையில், பென்சிலால், ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனா என்று எழுதி வையுங்கள்.